அட்டவணையில் ஒரு கீரை, இலையில் ஒரு கீரை

இந்திய உணவுகளின் பழைய சத்து அட்டவணையைப் புரட்டினால், நூறு கிராம் தண்டுக்கீரையில் 25.5 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகப் போட்டிருக்கும். பின்னால் வந்த திருத்திய பதிப்பில் அதே கீரைக்கு 3.49. 2017-இல் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த புதிய அட்டவணையில் 4.64. சந்தையில் பாலக் என்று விற்கும் கீரைக்கும் இதே கதைதான்: முதலில் 10.9, பிறகு 1.14, இப்போது 2.95. முருங்கைக்கீரை 7-லிருந்து 0.85-க்கு விழுந்து, மறுபடி 4.56-க்கு ஏறியிருக்கிறது. பங்குச்சந்தைப் புள்ளிகள்கூட இவ்வளவு ஆடுமா என்று தெரியவில்லை.

கீரை என்னவோ அதே கீரைதான். ஆனால் இரும்பை அளப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பூமியின் மேலோட்டில் மிகுதியாக இருக்கும் தனிமங்களில் இரும்பும் ஒன்று. செம்மண்ணில் இருக்கிறது, வயல் தூசியில் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் கீரையை அரைக்கும் இயந்திரத்தின் தகட்டிலும் இருக்கிறது. தரையை ஒட்டி வளரும் கீரையின் இலை மடிப்பில் ஒட்டிய மண் துளி ஒன்று போதும், எண் எங்கோ போய்விடும். அந்தப் பழைய 25.5-இல் கீரையின் இரும்போடு மண்ணின் இரும்பும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தது. மண்ணில் இருக்கும் இரும்பு உடம்பில் பெரும்பாலும் ஒட்டாது. ஆய்வாளர்கள் இதைத் திருத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் மருத்துவக் குறிப்புப் புத்தகங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் பழைய எண்ணையே இன்றும் சுமந்து திரிகின்றன. பெரிய எண்ணுக்கு எப்போதும் ஆயுசு கெட்டி.

மேல்நாட்டில் இதற்கு இணையாக ஒரு கதை உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டதால் பாலக்கின் இரும்பு பத்து மடங்கு கூடிவிட்டது, அதை நம்பித்தான் படக்கதை மாலுமி பாப்பாய் கீரை டப்பாவைத் திறந்தான் என்பார்கள். மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2010-இல் இதன் வேரைத் தேடிப் போனார். தசமப் புள்ளி தவறியதற்கு அவருக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. 1932-ஆம் ஆண்டுப் படக்கதை ஒன்றில் பாப்பாய் தன் வாயாலேயே காரணம் சொல்லியிருக்கிறான்: கீரையில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறதாம். ஆக, கட்டுக்கதையைத் திருத்த வந்த கதையும் கட்டுக்கதையாகப் போயிற்று.

நம் அட்டவணைக்கு இவ்வளவு குழப்பமான பிறப்பு இல்லை. அது பிறந்த ஊர் குன்னூர். 1918-இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையை வாங்கிக்கொண்டு ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய வெள்ளை அரிசியை நம்பி வாழ்ந்தவர்களைக் கால் வீங்கச் செய்து, நரம்பைத் தளர்த்தி, இதயத்தை நிறுத்திய நோய் அது. அந்த ஓரறை ஆய்வுக்கூடம் 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. மெக்காரிசன் அங்கே எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர்களின் உணவைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்தன. கடைசி இடம் யாருக்கு என்றால், சென்னை மாகாணத்துச் சோற்றைத் தின்ற எலிகளுக்கு. இட்லியை உலகின் தலைசிறந்த உணவு என்று அவ்வப்போது அறிவித்துக்கொள்ளும் நமக்கு இந்த முடிவு கொஞ்சம் கசக்கும். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது விருந்துச் சாப்பாடு அல்ல. நிறையச் சோறும் கொஞ்சம் குழம்பும், பாலும் காய்கறியும் பேருக்கு மட்டுமே இருந்த ஏழையின் சாப்பாடு.

அவருக்குப் பின் குன்னூர் நிலையத்தின் தலைவராக வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கத்தரிக்காயும் முருங்கையும் அகத்தியும் அறிவியல் எண்களோடு அச்சேறியது அதில்தான். நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தம் சகாக்களோடு 1971-இல் கொண்டுவந்த நூல், இந்தியாவில் உணவியல் படித்த எல்லோருடைய மேசையிலும் இருந்தது. 2017-இல் டி. லோங்வா தலைமையிலான குழு நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, 528 உணவுப் பொருள்களைச் சேகரித்து, எல்லாவற்றையும் புதிதாக அளந்தது.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முருங்கைக்கீரையையே எடுத்துக்கொள்வோம். ஆய்வதில்தான் முதல் சிக்கல். இலையை மட்டும் உருவுவதா, மெல்லிய ஈர்க்கையும் சேர்ப்பதா? 'உண்ணத்தக்க பகுதி' என்று அட்டவணை சொல்வது இந்த முடிவைப் பொறுத்தது. உருவிய இலையை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் நீரின் அளவு தெரியும்: நூறு கிராமில் சுமார் 76 கிராம். மிச்சத்தை உலையில் எரித்துச் சாம்பலாக்கினால் தாது உப்புகள் தேறும். புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. கோபன்ஹேகனில் பீர் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்தால் 1883-இல் கண்டுபிடித்த முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். கீரையில் புரதத்தில் சேராத நைட்ரஜன் சேர்மங்களும் உண்டு என்பதால், 'முருங்கைக்கீரையில் 6.4 கிராம் புரதம்' என்பதை அந்தக் கடைசி தசமம் வரை நம்ப வேண்டியதில்லை.

நார்ச்சத்தின் கதை இன்னும் வேடிக்கை. பழைய அட்டவணை முருங்கைக்கீரையில் 0.9 கிராம் நார் என்றது. புதியது 8.21 என்கிறது. ஒன்பது மடங்கு! பழைய முறையில் கீரையை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து, கரையாமல் எஞ்சியதை மட்டும் நார் என்றார்கள். குடலுக்கு உதவும் நாரில் பெரும்பகுதி அந்தக் கொதிப்பிலேயே கரைந்து போய்விடும். இப்போது நம் வயிற்றில் சுரப்பது போன்ற நொதிகளைக் கொண்டு செரிக்கவைத்து, செரிக்காமல் நிற்பதை எல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள். நார் கூடியதால் மாவுச்சத்து 12.5 கிராமிலிருந்து 5.6-க்குக் குறைந்தது. கலோரியும் 92-லிருந்து 67-க்கு இறங்கியது. மரத்தில் ஓர் இலைகூட மாறாமல் முருங்கைக்கீரை 'டயட் உணவு' ஆகிவிட்டது.

சரி, எண்கள் இப்போது ஓரளவு நம்பத்தக்கவை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தகராறு 'நூறு கிராம்' என்ற அளவிலேயே இருக்கிறது.

அட்டவணையில் கறிவேப்பிலையைப் பாருங்கள். நூறு கிராமில் சுண்ணாம்புச் சத்து 659 மில்லிகிராம். பசும்பாலில் 118தான். பாலைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்! ஆனால் நூறு கிராம் கறிவேப்பிலையை யார் தின்கிறார்கள்? தாளிதத்தில் போடும் ஓர் ஈர்க்கு இலையின் எடை ஒன்றிரண்டு கிராம். அதையும் தமிழர்கள் பொறுக்கி இலையோரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். கறிவேப்பிலைப் பொடியோ துவையலோ செய்யாத வீட்டில் அந்த 659 வெறும் அச்செழுத்து.

உருளைக்கிழங்கு இதற்கு நேர் எதிர். நூறு கிராமில் 20 மில்லிகிராம் வைட்டமின் சி. குடைமிளகாயின் 80-க்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் அயர்லாந்து ஏழைகள் உருளைக்கிழங்கைக் கிலோ கணக்கில் தின்று வாழ்ந்தார்கள். 1845-இல் வந்த கருகல் நோய் அந்தப் பயிரை அழித்தபோது பசியோடு கூடவே, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியும் பரவியது. அவர்களுக்கு வைட்டமின் சி கொடுத்துவந்தது அந்தக் கிழங்குதான் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. குறைந்த எண்ணுள்ள பொருளும் தினமும் நிறையச் சேர்ந்தால் ஆளைக் காப்பாற்றும்.

நூறு கிராம் கணக்கை வைத்து நடக்கும் பெரிய வியாபாரம் முருங்கைப் பொடி. ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி, பாலைவிட நான்கு மடங்கு கால்சியம், பாலக்கைவிட இருபத்தைந்து மடங்கு இரும்பு என்றெல்லாம் டப்பாவில் போட்டிருக்கும். 76 சதவீதம் தண்ணீர் உள்ள இலையைக் காயவைத்துப் பொடியாக்கினால், நூறு கிராமில் தாது உப்புகளின் அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகும். இது கூட்டல் கழித்தல் கணக்கு, அதிசயம் ஒன்றுமில்லை. உலர்ந்த பொடியை ஈரப் பழத்தோடும் பாலோடும் ஒப்பிடுவதில்தான் வித்தை இருக்கிறது. பச்சை இலையைப் பச்சை இலையோடு வைத்துப் பார்த்தால் முருங்கையின் இரும்பு பாலக்கைப்போல் ஒன்றரை மடங்கு, அவ்வளவே. ஒரு தேக்கரண்டிப் பொடி சில கிராம்தான் என்பதை டப்பா சொல்லாது. இந்த விளம்பரமெல்லாம் இல்லாமலே முருங்கை நல்ல கீரை. நூறு கிராமில் 314 மில்லிகிராம் கால்சியம், 108 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ள இலை கொல்லையிலேயே தழைப்பது சின்ன விஷயமா? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பிகேஎம்-1 செடிமுருங்கை வந்தபின், மரத்துக்கு இடமில்லாதவர்களுக்கும் அது கைக்கு எட்டியது.

நாட்டுக்காய்களில் பல, அட்டவணையில் சப்பென்று தெரியும். புடலங்காயில் 94 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வெள்ளரியில் 95. சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் இந்தக் கூட்டம்தான். 'சத்தே இல்லாத நீர்க்காய்' என்று இவற்றை ஒதுக்குவது அநியாயம். நூறு கிராமுக்கு இருபது கலோரிக்குள் வயிற்றை நிறைத்து, கொஞ்சம் பொட்டாசியமும் நாரும் கொடுக்கும் உணவுக்கு, சர்க்கரை நோய் பெருத்த ஊரில் மதிப்பு அதிகம்.

எண்களைக் கலக்க வேறொரு காரணமும் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்டு டேவிஸ், அமெரிக்க அரசின் 1950-ஆம் ஆண்டு அட்டவணையையும் 1999-ஆம் ஆண்டு அட்டவணையையும் எதிரெதிரே வைத்து 43 தோட்டப் பயிர்களை ஒப்பிட்டு 2004-இல் எழுதினார். புரதம், கால்சியம், இரும்பு, வைட்டமின் சி உட்பட ஆறு சத்துகள் மொத்தத்தில் குறைந்திருந்தன. அந்த ஆறில் ஒன்றான ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) மட்டும் 38 சதவீதம் சரிந்திருந்தது. மண் செத்துவிட்டது என்று பலர் இதைக் கொண்டு முழங்குகிறார்கள். டேவிஸ் காட்டிய காரணம் வேறு: பெரிதாக, வேகமாக, நிறைய விளையும் ரகங்களையே ஐம்பது வருடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். காய் பருத்த வேகத்துக்குச் செடியால் சத்தை உறிஞ்சி ஈடுகொடுக்க முடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காயில் என்ன இருக்கிறது என்பது பற்றி. உடம்புக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது தனி வழக்கு. அதில் பாலக் வசமாக மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவின் ராபர்ட் ஹீனியும் கான்னி வீவரும் 1988-இல் ஒரு சோதனை செய்தார்கள். அடையாளம் பதித்த கால்சியத்தைக் கொடுத்து பாலக்கை வளர்த்தார்கள். கீரைக்குள் ஏறிய அந்தக் கால்சியம் உண்டவர் உடம்பில் எங்கே போகிறது என்று பின்தொடர முடிந்தது. பாலில் உள்ள கால்சியத்தில் 27.6 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. பாலக்கில் 5.1 சதவீதம் மட்டும். காரணம் ஆக்சாலிக் அமிலம். அது கால்சியத்தைக் கட்டிப்பிடித்து, கரையாத படிகமாக்கி, வந்த வழியே வெளியே அனுப்பிவிடுகிறது. பாலக் தின்ற பிறகு பல்லில் மாவு ஒட்டியதுபோல் ஒரு சொரசொரப்பு தோன்றுமே, அதுவும் ஆக்சலேட்டின் வேலைதான். நூறு கிராம் பாலக்கில் 82 மில்லிகிராம் கால்சியம் என்று அட்டவணை சொன்னால், ரத்தத்துக்குப் போவது நான்கு மில்லிகிராம். இரண்டு வருடம் கழித்து அதே குழு முட்டைக்கோசின் உறவான கேல் கீரையைச் சோதித்தது. அதில் ஆக்சலேட் மிகக் குறைவு, கால்சியம் 40.9 சதவீதம் சேர்ந்தது. பாலையே முந்திவிட்டது. இரண்டும் கரும்பச்சைக் கீரைகள். நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்வதற்கில்லை.

ஆக்சலேட்டைத் தமிழ்ச் சமையலறை வேறு ரூபத்தில் நன்றாக அறியும். கருணைக்கிழங்கு நாக்கை நமைப்பதற்குக் காரணம், அதன் செல்களில் ஊசி ஊசியாகக் கட்டாக நிற்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அரிசி கழுவிய நீரில் வேகவைப்பது, புளி கரைத்து ஊற்றுவது என்று நம் பாட்டிமார் இதற்கு வைத்தியம் கண்டார்கள். நுண்ணோக்கி இல்லாமல் நமைச்சலைப் பார்த்தே கண்டுபிடித்த வேதியியல் அது. பாலக்கை வேகவைத்து நீரை வடித்தாலும் கரையும் ஆக்சலேட்டில் பெரும்பகுதி போய்விடும். ஓர் ஆய்வில் பல காய்கறிகளை வேகவைத்துப் பார்த்தபோது 30 முதல் 87 சதவீதம் வரை குறைந்தது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது உபயோகமான செய்தி. கல் இல்லாதவர்கள் நீரை வடிக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம், ஏனென்றால் அந்த நீரில் இன்னொன்றும் போகிறது.

அந்த இன்னொன்றின் கதை சென்னையையும் தொட்டுச் செல்கிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்த அணுக்கள் வழக்கத்துக்கு மாறாகப் பருத்துக் கிடந்தன. இரும்புச் சத்துக் குறைவில் அப்படி ஆவதில்லை. வில்ஸ் குன்னூரிலும் தங்கி எலிகளை வைத்து ஆராய்ந்தார். 1931-இல் சென்னை திருவல்லிக்கேணியில், ஊரார் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைத்த, இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் பணியாற்றினார். பீர் ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தால் பெண்கள் தேறினார்கள். அதில் இருப்பது என்ன என்று மட்டும் பிடிபடவில்லை. பத்து வருடம் கழித்து, 1941-இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பாலக் கீரையைச் சாறெடுத்து வடித்துச் சுண்டவைத்து, ஃபோலிக் அமிலத்தைத் துளியளவு பிரித்தெடுத்தார்கள். லாரி நிறைய வந்த கீரைக்குக் கிடைத்தது அவ்வளவே. ஆனால் கர்ப்பிணிகளுக்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரைக்கு வேர் அந்தக் கீரைச் சாறுதான்.

கீரையில் இந்தச் சத்து ஃபோலேட் என்ற வடிவில் இருக்கிறது; அது நீரில் கரையும். பாலக்கைச் சில நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில் பாதி ஃபோலேட் காணாமல் போயிருந்தது. ஆவியில் வேகவைத்ததில் சொல்லும்படியான இழப்பு இல்லை. கீரையைக் கொஞ்சம் நீரில் வேகவைத்து, அதே நீரோடு மத்தால் கடையும் நம் பழக்கம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. போனது சட்டிக்குள்ளேயே இருக்கிறது. தளதளவென்று நீர் ஊற்றி வேகவைத்து, வடித்து, பிழிந்து பொரியல் செய்யும் வீட்டில்தான் ஃபோலேட் சாக்கடைக்குப் போகிறது.

வைட்டமின் சி இன்னும் பொறுமையில்லாத சரக்கு. நீரில் கரையும், சூட்டில் சிதையும், நறுக்கிய உடனே காற்றுபட்டுக் குறையத் தொடங்கும். காயை நறுக்கிவிட்டுத் தண்ணீரில் போட்டு ஊறவைத்துக் கழுவுவது அதற்குச் செய்யும் பெரிய துரோகம். கழுவிவிட்டு நறுக்கினால் எவ்வளவோ தேவலை. புளிப்பில் அது கொஞ்சம் நின்று பிடிக்கும். தக்காளி சேர்ந்த குழம்பில் அந்த வசதி உண்டு. இந்த வைட்டமினைப் போதுமான அளவில் பிரித்தெடுக்கவே அறிவியலாளர்கள் வருடக்கணக்கில் திண்டாடினார்கள். ஹங்கேரியின் செகெட் நகரம் மிளகாய்க்குப் பேர்போனது. அங்கே 1932-இல் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜிக்கு அவர் மனைவி குடைமிளகாய் போன்ற பாப்ரிகாவைப் பரிமாறினார். சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்த்தால் அது வைட்டமின் சி களஞ்சியம்! சில வாரங்களில் கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு வந்தது. பச்சைமிளகாயும் அதே குடும்பம்தான். காரத்துக்குப் பயந்து நாம் தின்னும் அளவு குறைவு என்பதால் பயன் குறைந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பச்சையாகத் தின்றால் போதும் என்று கிளம்பினால், கேரட்டும் தக்காளியும் வழிமறிக்கும். கேரட்டின் பீட்டா கரோட்டின் செல்லுக்குள் படிகமாக அடைபட்டுக் கிடக்கிறது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீனும் அப்படித்தான். வேகவைத்து, மசித்து, செல் சுவரை உடைத்தால்தான் வெளியே வரும். 1997-இல் ஜெர்மனியில் செய்த ஆய்வில், தக்காளி விழுதைச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் லைகோபீனின் உச்ச அளவு, சமைக்காத தக்காளி தின்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு இருந்தது. வெளியே வந்தாலும் போதாது, கொழுப்பு வேண்டும். அமெரிக்காவின் அயோவாவில் 2004-இல் கீரையும் கேரட்டும் தக்காளியும் சேர்ந்த சாலடை, கொழுப்பே இல்லாத கலவை ஊற்றி உண்டவர்களின் ரத்தத்தில் கரோட்டின் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. எண்ணெய் சேர்ந்த கலவையோடு உண்டபோது ஏறியது. கேரட் பொரியலில் தேங்காய்த் துருவலைத் தூவுவதும் கடுகு தாளிப்பதும் ருசிக்காகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். கரோட்டினுக்கு அது வண்டியாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

கரோட்டின் கணக்கில் உலகமே ஒருமுறை ஏமாந்தது. ஆறு மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் உடம்பில் ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ ஆகும் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அதை நம்பி, ஏழை நாடுகளில் மாலைக்கண் நோய்க்குக் கீரையே மருந்து என்று திட்டங்கள் போட்டார்கள். சாஸ்கியா டெ பே, க்ளைவ் வெஸ்ட் முதலானோர் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் தாய்ப்பால் கொடுக்கும் பெண்களை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மூன்று மாதம் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே அளவு பீட்டா கரோட்டின் சேர்த்த பிஸ்கட். 1995-இல் முடிவு வெளியானது. பிஸ்கட் தின்றவர்களுக்கு வைட்டமின் ஏ நன்றாக ஏறியது. கீரை தின்றவர்களுக்கு ஏறவில்லை. இலையின் பசுங்கணிகத்துக்குள் புரதத்தோடு பின்னிக்கிடக்கும் கரோட்டினை நம் குடலால் எளிதில் பிரிக்க முடிவதில்லை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-இல் கணக்கை 12-க்கு 1 என்று மாற்றியது. வெஸ்ட் கீரைக்கு 26-க்கு 1 என்று மதிப்பிட்டார். முருங்கைக்கீரை இந்தத் தேர்விலும் தப்பிக்கிறது. நூறு கிராமில் சுமார் 17,500 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருப்பதால், வெஸ்டின் கறாரான கணக்குப்படியும் 670 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ தேறும். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது 840.

மறுபடி இரும்புக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு கீரை விளையும் ஊரில் இது எப்படி? ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் தண்டுக்கீரை 4.6 கொடுக்கும். மிச்சம் கேழ்வரகு, கம்பு, பருப்பு, எள், மீன், ஈரல் என்று பல வழியில் வந்து சேர வேண்டும். கீரையை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். காய்கறியில் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளதைப்போல் லேசில் உடம்பில் சேராது. கூட இருப்பவர்களைப் பொறுத்து அதன் விதி மாறும். எலுமிச்சை பிழிந்தால், நெல்லிக்காய் கடித்தால், வைட்டமின் சி அதைக் கரைத்து உள்ளே அனுப்பும். இரும்பு வாணலியில் தக்காளித் தொக்கு வதக்கினால் வாணலியின் இரும்பும் கொஞ்சம் இறங்கும். முன்பு மண்ணிலிருந்து கள்ளத்தனமாக அட்டவணைக்குள் புகுந்த இரும்பைவிட இது உபகாரி.

கெடுப்பது எது என்றால், தமிழ்நாட்டுக்குப் பிடிக்காத பதில்தான். அமெரிக்காவில் 1983-இல் வெளியான மார்க், லிஞ்ச், குக் மூவரின் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. தேநீரில் 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தவர்களுக்கு மட்டும் எந்தக் குறைவும் இல்லை. அப்படிப் பார்த்தால் காலை ஆறு மணி ஃபில்டர் காபிக்குத் தடையேதும் இல்லை. மதியம் கீரை மசியல் சாப்பிட்ட கையோடு ஆற்றிக் குடிக்கும் டம்ளர்தான் தள்ளிப்போக வேண்டியது.